இரக்கத்துக்கு ஐந்து கோப்புகள்

சவுரிராயன் செத்தது மண்டகப்பட்டில், ஒரு வயற்கிணற்று மேட்டில். கிணறு கணக்கெடுப்புத் துறையில் அவனுக்குக் கயிறு பிடிக்கிற வேலை. பதினாறு வருடம் பிடித்தான். அன்றைக்கும் கயிற்றை உள்ளே விட்டு, "நாப்பத்தேழு அடி சார்" என்று சொல்லிவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். கூட வந்திருந்த அலுவலர்கள் முதலில் நாற்பத்தேழைக் குறித்துக்கொண்டார்கள். அப்புறம்தான் அவனைப் பார்த்தார்கள். துறையில் எதற்கும் ஒரு வரிசை உண்டு.

அவன் மனைவி அமல்ராணிக்கு முப்பத்தாறு வயது. பெருமுக்கல் பக்கத்தில் வீடு. எட்டாவது வரை படிப்பு. களை எடுப்பாள், கரும்புக் கட்டு தூக்குவாள், மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்குவாள். கரும்புக் கட்டு தூக்கித் தூக்கி வலது முட்டி தேய்ந்துவிட்டது, இனிமேல் பாரம் தூக்காதே என்று டாக்டர் சொல்லியிருந்தார். பாரம் தூக்காமல் எதைச் சாப்பிடுவது என்று அவர் சொல்லவில்லை. மகள் மெர்லின் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள்.

துறையின் விதிப்படி, பணியில் இருக்கும்போது இறந்தவரின் மனைவிக்குக் கருணை அடிப்படையில் ஒரு வேலை உண்டு. அமல்ராணியின் படிப்புக்கு அலுவலக உதவியாளர் வேலை கிடைக்கும். கோப்பு தூக்கலாம், அது கரும்பைவிட லேசு. ஆனால் இறந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் வேலைக்கான ஆணை கைக்கு வந்துவிட வேண்டும். வராவிட்டால் அந்தக் குடும்பம் துக்கத்திலிருந்து முழுமையாக மீண்டுவிட்டதாகக் கருதப்படும். கருதுவது துறைக்குக் கைவந்த கலை.

மனு எழுத விழுப்புரத்துக்குப் போனாள். அரசு அலுவலகங்கள் இருக்கிற வளாகத்துக்கு வெளியே, வேப்பமரத்தடியில், தாண்டவராயன் டைப்ரைட்டரோடு உட்கார்ந்திருந்தார். முப்பது வருட அனுபவம். அவர் அடித்துக்கொடுத்த மனுக்களை வரிசையாக ஒட்டினால் திண்டிவனம் வரைக்கும் போகும் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

"இங்கிலீஷ்ல அடிக்கிறேன்மா" என்றார்.

"தமிழ்ல அடிச்சா ஆவாதாண்ணே?"

"தமிழ்ல அடிச்சா புரிஞ்சிடும். புரிஞ்சிடுச்சின்னா அன்னிக்கே முடியாதுன்னு சொல்லி அனுப்பிடுவான். இங்கிலீஷ்னா வெச்சிக்கினு யோசிப்பான்."

அதில் நியாயம் இருப்பதாக அமல்ராணிக்குப் பட்டது. தாண்டவராயன் மடமடவென்று அடித்தார். கடைசி வரியில் அவருடைய கைமுத்திரை ஒன்று உண்டு. விழுப்புரம் மனு எழுதுபவர்கள் எல்லாருக்குமே உள்ள பழக்கம்தான் அது, ஆனால் தாண்டவராயன் அளவுக்கு யாரும் தாராளமாகச் செய்வதில்லை. பிட்டி, சிம்பதி, மெர்சி, சாரோ, கம்பேஷன் என்று இங்கிலீஷில் இரக்கத்துக்கும் துக்கத்துக்கும் அவருக்குத் தெரிந்த அத்தனை சொற்களையும் ஒரே வரியில் அடுக்கி, இவை எல்லாவற்றோடும் என்னைப் பார்க்க வேண்டுகிறேன் என்று முடித்தார்.

"எதுக்குண்ணே இத்தினி?"

"ஆபீசருக்கு எந்த வார்த்தையில மனசு எளகும்னு நமக்கு எப்படிம்மா தெரியும்? எல்லாத்தையும் போட்டுடணும். ஒண்ணு இல்லன்னா ஒண்ணு வேலை செய்யும்."

அந்த ஒரு வரிதான் பிற்பாடு அவளை அலைய வைத்தது.

மனு முதல் இரண்டு வருடம் ஓர் அலமாரியில் ஓய்வெடுத்தது. மூன்றாம் வருடம் நடராசன் என்பவர் மாவட்ட அலுவலராக வந்தார். விழுப்புரம் பக்கத்துக் காணை ஊர்க்காரர். நிலுவையே இருக்கக் கூடாது என்று கொள்கை உள்ளவர். வந்த முதல் வாரமே அமல்ராணியின் மனுவை எடுத்துக் கடைசி வரி வரை படித்தார், அகராதியைப் பார்த்தார், திகைத்துப்போனார். அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஏம்மா, ஒரே மனுவுல அஞ்சு சமாச்சாரம் கேட்டிருக்கியே, இது உனக்கே ஞாயமா?"

"ஒரு வேலைதான் சார் கேட்டேன்."

"வேலை கம்பேஷன்ல வருது. மத்த நாலும் வேற வேற. பிட்டி ஒரு செக்‌ஷன், சிம்பதி ஒரு செக்‌ஷன். எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுக் கலக்குனா அதுக்குப் பேரு நிர்வாகம் இல்லம்மா, கூட்டாஞ்சோறு."

"அப்ப மத்ததை அடிச்சிட்டு அந்த ஒண்ணை மட்டும் பாருங்க சார்."

"மனுவை அடிக்கவோ திருத்தவோ எனக்கு அதிகாரம் இல்ல. நீ கேட்டதுல எதையும் நான் மறுக்கவும் மாட்டேன். அது என் மனசாட்சிக்கு ஒத்துவராது" என்றார் நடராசன், கண் கலங்க. ஐந்து கோப்புகள் திறக்கப்பட்டன. மற்ற நான்கும் முடிந்து வந்த பிறகுதான் ஐந்தாவதான கம்பேஷனைப் பிரிக்கலாம் என்று உத்தரவானது.

பிட்டி சீக்கிரம் முடிந்தது. அந்தப் பிரிவிலிருந்து வந்த தபாலில், 'தங்கள் நிலைகண்டு பரிதாபப்படப்பட்டது' என்று ஒரே ஒரு வரி இருந்தது. யார் பட்டார்கள் என்பது இல்லை. சிம்பதிப் பிரிவு கொஞ்சம் விரிவாக எழுதியது. ஆனால் கடிதத்தைச் சவுரிராயன் பேருக்கே அனுப்பிவிட்டது. 'தங்களின் மறைவால் தாங்கள் அடைந்துள்ள பேரிழப்பில் துறையும் பங்குகொள்கிறது' என்று தொடங்கி, பெற்றுக்கொண்டதற்கு அவனே கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும் என்று முடிந்தது. தாண்டவராயன் யோசித்து, 'மேற்படியார் வெளியூர் போயிருப்பதால் மனைவி பெற்றுக்கொண்டேன்' என்று அடித்து அனுப்பினார். அது ஏற்கப்பட்டது.

மெர்சிதான் பேஜாராகப் போயிற்று. மெர்சி என்றால் தூக்குத் தண்டனைக் கைதிகள் கேட்பது என்று நடராசனின் அகராதி சொன்னதால், அந்தக் கோப்பு சிறைகளைப் பார்த்துக்கொள்கிற ஓர் அலுவலகத்துக்குப் போனது. அங்கிருந்து பதில் வந்தது. தங்களுக்கு எந்த நீதிமன்றம், எந்தத் தேதியில் தூக்குத் தண்டனை விதித்தது? தீர்ப்பின் நகல் மூன்று இணைக்கவும். இணைக்கத் தவறினால் தண்டனை நிறைவேற்றப்படுவதில் தாமதம் ஏற்படலாம்.

அமல்ராணி இரண்டு நாள் சாப்பிடவில்லை. தனக்குத் தண்டனை எதுவும் இல்லை என்று பதில் எழுதினாள். ஐந்து வாரம் கழித்து, அவளுடைய கருணை மனு பரிசீலிக்கப்பட்டதாகவும், அவள் தூக்கிலிடப்பட மாட்டாள் என்றும் தகவல் வந்தது. அந்த மூன்று வருடத்தில் அரசாங்கத்திடமிருந்து அவளுக்கு வந்த ஒரே நல்ல செய்தி அதுதான். மாதா படத்துக்கு முன்னால் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தாள்.

அடுத்தது சாரோ. துக்கம் என்று மனுதாரர் சொன்னால் போதாதாம், துறை நேரில் பார்க்க வேண்டுமாம். கண்காணிப்பாளர் அருணா ஒரு படிவத்தோடு பெருமுக்கல் வந்து இறங்கினார். அப்போது பகல் பதினோரு மணி. அமல்ராணியும் பக்கத்து வீட்டு லூர்துமேரியும் இன்னும் நாலு பெண்களும் உட்கார்ந்து கூலிக்கு மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார்கள். லூர்துமேரியின் மருமகன் பொண்ணு பார்க்க வந்த அன்றைக்கு எறும்புப் புற்று மேல் உட்கார்ந்துவிட்டு, எழுந்திருந்தால் மரியாதையில்லை என்று அரைமணி நேரம் அசையாமல் இருந்த கதை ஓடிக்கொண்டிருந்தது. அமல்ராணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இங்க துக்கம் யாருக்கு?" என்றார் அருணா.

சிரிப்பு நின்றது. விஷயத்தைச் சொன்னார்.

"மூணு வருசம் ஆவப்போவுது, இப்ப துக்கம் விசாரிக்க வர்றீங்களே மேடம், பஸ்சு கெடைக்கலியா?" என்றாள் லூர்துமேரி.

"விசாரிக்க வரலம்மா. சரிபார்க்க வந்திருக்கேன்." அருணா படிவத்தைக் காட்டினார். துக்கம் என்பதற்கு எதிரே கடுமை, மிதம், இல்லை என்று மூன்று கட்டம் இருந்தது. "நான் வரும்போது நீங்க சிரிச்சிக்கினு இருந்தீங்க. நான் எப்படிக் கடுமைன்னு போடறது?"

"அவரு செத்த அன்னிக்கு வந்திருந்தீங்கன்னா நல்லாப் பாத்திருக்கலாம் மேடம்" என்றாள் அமல்ராணி.

"அன்னிக்கு மனு வரலியே. சரி, இப்ப கொஞ்சம் அழ முடியுமா? நாலு மணிக்கு நான் திண்டிவனத்துல இருக்கணும். ஜல்தி."

அமல்ராணி முயற்சி செய்தாள். கண்ணை மூடிக்கொண்டு சவுரிராயனை நினைத்துப் பார்த்தாள். அவன் சட்டையில் எப்போதும் இருக்கிற பாசி வாசனை நினைவுக்கு வந்தது, அது சந்தோஷமாகத்தான் இருந்தது. எல்லாரும் தன் கண்ணையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. அழுகை வரவில்லை, அவமானம்தான் வந்தது. புருஷனுக்கு அழக்கூட வக்கில்லாமல் போய்விட்டோமே என்று உள்ளுக்குள் குன்றிப்போனாள்.

"நான் வேணா அழுவறேன் மேடம், எனக்கு வரும்" என்றாள் லூர்துமேரி.

"அண்டை வீட்டார் துக்கத்துக்குப் படிவத்துல எடமில்ல."

துக்கம் காணப்படவில்லை, சிரிப்பு காணப்பட்டது, மல்லாட்டையும் காணப்பட்டது என்று அருணா எழுதிக்கொண்டார். கடைசியில் சொன்ன பொருளின் மேல் அவர் பார்வை சற்று நேரம் நின்றது. லூர்துமேரி புரிந்துகொண்டு இரண்டு படி அளந்து பையில் கட்டிக்கொடுத்தாள். அறிக்கையில் துக்கம் 'மிதம்' என்று உயர்ந்தது.

இதற்கிடையே திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் துறை ஊழியர்களுக்கு 'இங்கிலீஷில் இரக்கம்' என்று ஒரு நாள் பயிலரங்கம் நடந்தது. அமல்ராணிக்கும் ஓலை வந்தது, வராவிட்டால் கோப்பு நகராது என்று. போனாள். மேடையில் மணமகள் நாற்காலியில் அவளை உட்கார வைத்து, 'எடுத்துக்காட்டு' என்று ஓர் அட்டையைக் கழுத்தில் மாட்டினார்கள்.

பயிற்சி நடத்தியவர் ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர் ஸ்டீபன்ராஜ். துறை அவரைச் சொல் ஆலோசகராக அமர்த்தியிருந்தது. "ஒருத்தன் கிணற்றில் விழுந்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம்" என்று ஆரம்பித்தார். "மேலே நின்று ஐயோ பாவம் என்றால் அது பிட்டி. எட்டிப் பார்த்து, எனக்கும் வருத்தமாக இருக்கிறது என்றால் சிம்பதி. நாமே விழுந்துவிட்டதாக நினைத்துக்கொண்டால் எம்பதி. அதிலேயே ஐந்து நிமிடம் நிலைத்திருந்தால் கம்பேஷன்."

பின் வரிசையில் ஒரு கயிற்றுக்காரர் எழுந்தார். "கயிறு போடறது எதுல சார் வருது?"

ஸ்டீபன்ராஜ் நடராசனைப் பார்த்தார். நடராசன் மைக்கை வாங்கி, "அது ஸ்டோர்ஸ்" என்றார். பலத்த கைதட்டல்.

அதற்குப் பிறகு நடராசன் தலைமையுரை ஆற்றினார். அரசு உரைகளிலேயே இவ்வளவு வெளிப்படையான உரை வேறில்லை.

"நம் துறையில் இரக்கத்துக்குப் பஞ்சம் என்று சிலர் பேசுகிறார்கள். சென்ற ஆண்டு மட்டும் நாம் ஆறாயிரம் பக்கம் இரக்கப்பட்டிருக்கிறோம். வேலை கொடுத்தீர்களா என்று கேட்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். வேலை கொடுத்துவிட்டால் அந்தக் குடும்பத்தின் மேல் நமக்குள்ள இரக்கம் அன்றோடு முடிந்துபோகிறது. கொடுக்காமல் வைத்திருந்தால் காலமெல்லாம் இரக்கப்படலாம். இதோ உட்கார்ந்திருக்கிறாரே இந்தச் சகோதரி, இவர்மேல் மூன்று வருடமாகக் குறையாத இரக்கத்தோடு இருக்கிறோம். இது எந்தத் துறையில் நடக்கும்?"

அமல்ராணிக்கு மாலை போட்டார்கள். மதியம் சாப்பாட்டுக்கு டோக்கன் ஊழியர்களுக்கு மட்டும்தான் என்பதால், எடுத்துக்காட்டு வெளியே வந்து ஒரு டீ குடித்தது.

கடைசியில் கம்பேஷன் கோப்பு பிரிக்கப்பட்ட நாள் ஒரு வெள்ளிக்கிழமை. மூன்று வருடம் முடிய அன்று மாலை ஐந்தே முக்கால் வரைதான் நேரம். காலை ஆறு மணிக்கே பஸ் ஏறி, விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்ற ஒவ்வொரு நிமிடத்தையும் எண்ணிக்கொண்டு, ஒன்பதரைக்கு அலுவலக வாசலில் நின்றாள். நாலரை மணிக்குத்தான் உள்ளே கூப்பிட்டார்கள். குழுவில் நடராசன், அருணா, ஸ்டீபன்ராஜ் மூன்று பேர்.

கேள்வி ஆரம்பிக்கும்போது நடராசனின் செல்போன் அடித்தது. எடுத்துப் பேசினார். முகம் வெளுத்தது. போனை மேசையில் வைத்தார், அது கீழே விழுந்தது. "ராமநாதபுரம்" என்றார். "என்னை ராமநாதபுரத்துக்குத் தூக்கிட்டாங்க." நாற்காலியில் சரிந்து, குழந்தை மாதிரி விக்கி விக்கி அழுதார்.

அறையில் யாரும் நகரவில்லை. இதற்கு எந்தச் சொல் பொருந்தும் என்று ஸ்டீபன்ராஜ் யோசித்துக்கொண்டிருந்தார். கண்டோலன்ஸ் என்றால் யாராவது சாக வேண்டும், ரிக்ரெட் என்றால் நாம் ஏதாவது செய்திருக்க வேண்டும் என்று தனக்குள் முனகினார். அருணா படிவம் தேடினார்.

அமல்ராணிதான் எழுந்து போனாள். தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவர் கையில் கொடுத்தாள். தன் கோப்பையே எடுத்து விசிறினாள்.

"அழாதீங்க சார். இப்ப இன்னா ஆயிடுச்சி? உசுரு நல்லா இருக்குது இல்ல? தண்ணியக் குடிங்க. ஊட்ல அம்மாகிட்ட சொன்னீங்களா? மொத அவங்களுக்குப் போனு பண்ணுங்க."

தண்ணீரைக் குடித்துவிட்டு நடராசன் வீட்டுக்குப் பண்ணவில்லை, சென்னைக்குப் பண்ணினார். "சார், காணையில வீடு கட்டிக்கினு இருக்கேன் சார். ஹாலுக்கு டைல்ஸ் ஒட்டிக்கினு இருக்காங்க. இந்த நேரத்துல நான் இல்லன்னா கோணலா ஒட்டிட்டுப் போயிடுவானுங்க சார். கொஞ்சம் இரக்கம் காட்டுங்க சார்."

பதினோரு நிமிடத்தில் பதில் வந்தது. டைல்ஸை முன்னிட்டு, கருணை அடிப்படையில், மாறுதல் ரத்து. படிவம் இல்லை, ஆய்வு இல்லை, கிணறும் இல்லை. அருணா காபி வரவழைத்தார். ஸ்டீபன்ராஜ் கைகொடுத்தார். அமல்ராணிக்கும் மனசு நிறைந்துவிட்டது. இவ்வளவு சுலபமா இது, தெரியாமல் இத்தனை நாள் பயந்துவிட்டோமே என்று நினைத்தாள். மணி ஐந்தே காலாகியிருந்தது.

குழு மீண்டும் கூடியது. ஸ்டீபன்ராஜ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"நாற்பது வருடம் ஆங்கிலம் கற்பித்தவன் நான். கம்பேஷன் என்ற சொல்லின் முழுப்பொருளை இன்றுதான் கண்ணால் கண்டேன்" என்றார், அமல்ராணியைக் காட்டி. "இந்த அம்மாவிடம் அது ஏராளமாக இருக்கிறது."

"இருக்குது" என்றார் நடராசன். அருணா எழுதிக்கொண்டே வந்தார்.

"விதி என்ன சொல்கிறது? இரக்கம் தேவைப்படுபவருக்கு இரக்கம். இவர் வழங்கும் நிலையில் இருக்கிறார். அதுவும் மாவட்ட அலுவலருக்கே வழங்கியிருக்கிறார். வழங்குபவர் எப்படிப் பெறுபவராக முடியும்?" என்றார் ஸ்டீபன்ராஜ்.

அமல்ராணிக்கு முதலில் புரியவில்லை. தன்னைப் பாராட்டுகிறார்கள் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நடராசன் எழுந்து அவள் பக்கத்தில் வந்தார்.

"நீ ரொம்பப் பெரிய மனசுக்காரிம்மா. உனக்குப் போயி நாங்க இரக்கம் காட்டறதா? அது உன்னை அசிங்கப்படுத்தற மாதிரி. என் கையால அந்தப் பாவத்தைச் செய்ய மாட்டேன்."

"சார், எனக்கு முட்டி தேஞ்சிப்போச்சி சார். பாரம் தூக்க முடியல. இந்த வேலை இல்லன்னா எம்பொண்ணை இஸ்கூலவுட்டு நிறுத்தணும் சார்."

"அந்த வருத்தத்துலயும் எனக்குத் தண்ணி குடுத்தே பாரு" என்றார் நடராசன். மறுபடியும் கண் கலங்கிவிட்டது.

ஐந்து நாற்பதுக்கு மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தாள் கட்டை எடுத்தார். மேலாக இருந்த தாளை உருவி, அதில் கோடு போட்ட இடத்தில் அவள் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மற்றதெல்லாம் ஏற்கெனவே அச்சில் இருந்தது, இங்கிலீஷில்.

"இன்னா சார் போட்டிருக்குது?"

"உனக்கு வேலை தர முடியாததுக்கு ஆழ்ந்து வருந்தறோம்னு."

அவள் தாளைப் பார்த்தாள். கட்டைப் பார்த்தாள். உடம்பெல்லாம் எரிந்தது. இவ்வளவு கோபம் தனக்குள் இருந்ததே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

"நான் உள்ள வர்றதுக்கு முன்னாடியே வருத்தப்பட்டு வெச்சிட்டீங்களா சார்?"

"அது ஃபார்மேட்மா. எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"எத்தினி அச்சடிச்சீங்க?"

"ஐந்நூறு. அதுக்குக் கொறைஞ்சா பிரஸ்காரன் எடுக்க மாட்டான்."

"வேலை குடுக்கற காயிதம் எத்தினி அச்சடிச்சீங்க?"

"அது தேவைப்பட்டா டைப் பண்ணிக்கலாம்மா. அவ்வளவாத் தேவைப்படாது."

"நம்ம டிபார்ட்மெண்டுல இதுவரைக்கும் எத்தினி பேரு சார் செத்திருக்காங்க?"

நடராசன் அருணாவைப் பார்த்தார். அருணா பதிவேட்டைப் புரட்டி, "நாப்பத்தொண்ணு" என்றார்.

"அப்ப மிச்ச காயிதத்துக்கு இன்னும் எத்தினி பேரு சார் சாவணும்?"

வெளியே யாரோ ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது. நடராசன் கட்டைத் தட்டிச் சரிசெய்து இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். பிறகு, நிஜமான அன்போடுதான் சொன்னார்.

"சேச்சே, அப்படில்லாம் பேசாதம்மா. அவசரமே இல்ல. அதுல நாங்க தேதியே போடல."